அடுப்படிக் குழியில் தூண்டில்

கடற்கரையில் நின்று தூண்டில் போடுவது மனசுக்கு இதமான பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது. துப்புவதற்கு ஊறும் எச்சில்.

நான் நெய்வேலிச் சுரங்கத்தில் கரி ஓடும் ரப்பர் கன்வேயர் பெல்ட் ஒட்டும் காண்ட்ராக்ட் கூட்டத்தில் ஒருவன். வீடு முத்தாண்டிக்குப்பத்தில். என் அக்காவை நெய்வேலி டவுன்ஷிப்பில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அக்கா வீட்டுக்காரர் பர்மனென்ட். குவார்ட்டர்ஸ், கார், வாசலில் ரோஜாத் தொட்டி எல்லாம் உண்டு. எனக்கு இந்த வேலைக்குச் சொல்லிவிட்டவர் அவர்தான். அதனால் அவர் “மாப்ள, ஞாயித்துக்கெழம ஃப்ரீயா” என்று கேட்டால் அது கேள்வி இல்லை. கிளம்பி நிற்க வேண்டும்.

முன்பு அவருக்கு ஷட்டில் பைத்தியம் இருந்தது. முட்டி வலி வந்ததும் அதை விட்டுவிட்டு போனில் மீன்பிடி வீடியோ பார்க்க ஆரம்பித்தார். ஏதோ ஒரு நாட்டில் சுத்தமான மணலில் ஒருவன் நின்றுகொண்டு நீளமான தடியை வீசுவான். அலைக்கு அந்தப் பக்கம் ஈயக்குண்டு போய் விழும். கொஞ்ச நேரத்தில் கைநீள மீனை இழுத்து, அதற்கு முத்தம் கொடுத்து, திரும்பத் தண்ணீரில் விடுவான். அதைப் பார்த்துப் பார்த்து இவருக்கும் ஆசை வந்துவிட்டது. இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு தூண்டில் தடி, சுற்றினால் கிர்ரென்று சத்தம் போடும் ரீல், பட்டாளத்துக்காரன் போடுகிற மாதிரி ஒரு தொப்பி எல்லாம் பார்சலில் வந்தன.

இரைக்குக் கோழிக்குடல். டவுன்ஷிப்பில் அவர் குடியிருக்கும் பிளாக்கின் மார்க்கெட்டில் கறிக்கடைக்காரரிடம் சனிக்கிழமையே சொல்லிவைத்து வாங்கி, உப்புப் போட்டு, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்து, அக்காவின் ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நான் போய் நிற்கும்போது அக்கா மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு கதவைத் திறப்பாள்.

“இந்த நாத்தத்துல புள்ளைங்களுக்கு எப்படிடா சோறு போடுவேன்? உங்க மாமாகிட்ட நீயாச்சும் சொல்லக்கூடாதா?”

“நான் சொன்னா கேக்கற ஆளா அவரு?”

“அப்ப நீயும் மூக்கப் புடிச்சிக்கினு போ.”

அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு காரின் பின்சீட்டில் உட்காருவது என் வேலை. முன்சீட்டில் அவருடைய ஷிப்ட் கூட்டாளி, ஒரு எலெக்ட்ரீஷியன், திருநெல்வேலிக்காரர். மாசி மாதம். எங்கள் பக்கம் முந்திரி பூத்திருக்கும் காலம். ரோட்டின் இரண்டு பக்கமும் தோப்பில் மருந்து அடித்திருப்பார்கள். ஜன்னலைத் திறந்தால் மருந்து நாற்றம், மூடினால் குடல் நாற்றம். பண்ருட்டி தாண்டிக் கடலூர் போய்ச் சேரும்வரை நான் ஜன்னலை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருப்பேன்.

கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். அங்கேதான் போவோம். அந்தக் கரையைப் பார்த்தவன் கடற்கரை என்ற வார்த்தையைச் சொல்ல யோசிப்பான். கடல் தின்று தின்று மிச்சம் வைத்த இடம் அது. மண் ஒரு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டுப்பட்டு நிற்கும். வெட்டுக்கு மேலே வீடுகள். வெட்டில் தென்னை வேர்கள் தலைமுடி மாதிரி தொங்கும். வீடுகளுக்கு முன்னால் போன சிமெண்ட் ரோடு பாதியில் முறிந்து, பலகை பலகையாகக் கீழே கிடக்கும். கீழே ஒரு கீற்று மணல், அவ்வளவுதான். அந்தக் கீற்றில்தான் அலை கொண்டுவந்து போடும் அத்தனையும் கிடக்கும். ஷாம்பு பாக்கெட், குழந்தைக்குக் கட்டும் டயாபர், அறுந்த வலை, ஒற்றைச் செருப்பு, வீங்கிச் செத்த நாய். அதற்கு நடுவே மனுசர்கள் வெளிக்கு இருந்துவிட்டுப் போனது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வரிசையாகக் கட்டிக்கொடுத்திருந்த கழிப்பறைகளைக் கடல் போன மழைக்காலத்தில் கொண்டுபோய்விட்டது. வேறு எங்கே போவார்கள்?

எங்கள் மாமா அதையெல்லாம் தாண்டித் தாண்டி நடந்து, தண்ணீர் ஓரத்தில் காலை அகட்டி நின்று, தடியை வீசுவார். நான் குடலைக் கொக்கியில் கோத்துக் கொடுக்க வேண்டும்.

மாட்டியதெல்லாம் பெரும்பாலும் கெளுத்தி. இல்லாவிட்டால் பேத்தை. பேத்தை தண்ணீரை விட்டு வந்ததும் வயிற்றைப் பந்துபோல் உப்பிக்கொள்ளும். எலெக்ட்ரீஷியன் அதைக் காலால் உதைத்து விளையாடுவார். கெளுத்தியை மாமா தொடமாட்டார். முள் குத்தினால் கடுக்கும் என்பது ஒன்று, அது பீ தின்னும் மீன் என்பது இன்னொன்று. கொக்கியைப் பிடுங்கி மணலில் எறிந்துவிடுவார். அது வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வெயில் ஏறும்வரை கிடக்கும். வீடியோவில் வந்தவன் முத்தமாவது கொடுத்தான்.

அந்தக் கெளுத்திகளைப் பொறுக்கத்தான் முதலில் ஒரு மீன்கார அம்மா கீழே வந்தது. வெட்டுக்கு மேலே கடைசி வீடு அவர்களுடையது. ஒரே ரூம், அதற்குக் கடல் பக்கமாக ஒட்டுப்போட்ட மாதிரி சிமெண்ட் ஷீட் போட்ட அடுப்படி. புருசன் வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறவர். அந்த அம்மா காலையில் கூடை எடுத்துக்கொண்டு மீன் விற்கப் போகும். எங்கள் காரை அவர்கள் வீட்டுப் பக்கத்தில் விட்டுத்தான் இறங்குவோம், தண்ணீரும் அங்கேதான் குடிப்போம்.

“ஏங்க, இத இப்டி வெயில்ல போட்டுச் சாவடிக்கிறீங்களே, எனக்குக் குடுத்தா கொழம்பாவுது வெப்பேன்ல?” என்றது.

“எடுத்துக்கம்மா. இதெல்லாம் திம்பியா நீ?” என்றார் மாமா.

“இத்தத் தின்னுதான் நாலு புள்ள பெத்தேன். நீங்க குடலைத் தொட்ட கையாலதான சோறு திங்கிறீங்க?”

எலெக்ட்ரீஷியன் சிரித்துவிட்டார். “அண்ணாச்சி, வாயக் குடுக்காதீரும். இந்தம்மாகிட்ட நம்ம யூனியன்காரன் தோத்தான்.”

அப்போது அடுப்படிச் சுவருக்கும் வெட்டு விளிம்புக்கும் நடுவே ஒரு கட்டில் போடும் அளவு இடம்தான் இருந்தது. போன வருஷம் அங்கே ஒரு முருங்கைமரமும் துணி துவைக்கும் கல்லும் இருந்ததாம். கல் கொட்டித் தடுப்பு போடப் போகிறார்கள் என்று யாரோ அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்துக் குப்பம் வரை கல் வந்துவிட்டது. அங்கே கல் வந்த பிறகுதான் இங்கே மண் சீக்கிரம் போகிறது என்று அந்த அம்மாவின் புருசன் சொன்னார்.

“அடுப்படி போனாலும் போவட்டும், ரூம்பு நிக்கணும்” என்றது அந்த அம்மா. “அது ஒண்ணுதான் எங்களுக்கு. அதுவும் போயிட்டா எங்க போயி குந்தறது? இன்னோர் எடத்துல மனை வாங்கற வக்கு இருந்தா ஏன் இங்க அலையப் பாத்துக்கினு கெடக்கறோம்?”

இதைக் கேட்டதும் மாமாவுக்கு யோசனை வந்தது. அது எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டும்தான் வரும் யோசனை.

நெய்வேலியைச் சுற்றி நாலு பக்கமும் பார்த்தால் தெரியும். மாட்டுக்கொட்டகைக்குத் தரை, பழைய கன்வேயர் பெல்ட். வண்டி நிறுத்தும் இடத்தில் சேறு ஆகாமல் இருக்க, பெல்ட். வாய்க்கால் கரை உடைந்தால் பெல்ட், வேலியில் ஓட்டை என்றால் பெல்ட், கூரை ஒழுகினால் பெல்ட். பழசை வாங்கி விற்கும் கடைகள் ரோட்டோரம் இருக்கின்றன. கல்யாணச் சீர்வரிசையில் வைக்காததுதான் பாக்கி. மலைமாதிரி மண்ணையும் கரியையும் தாங்குகிற பொருள், எதையும் தாங்கும் என்று நம்புகிறோம். நானும் அப்படித்தான் நம்பினேன். என் பிழைப்பே அதுதானே.

“அம்மா, கல்லுக்கெல்லாம் காத்திருக்காத. எங்ககிட்ட பெல்ட் இருக்கு. இந்த வெட்டு மேல தொங்க விட்டு, மேல போஸ்ட் நட்டு முடுக்கிட்டா, கடலு நக்கிப் பாத்துட்டுப் போயிடும்” என்றார் மாமா.

“நெசமாவா?”

“லட்சம் டன்னு ஓடுற பெல்ட்டும்மா. அலை என்ன செய்யும்?”

அந்த அம்மா அவரைக் கும்பிட்டது. எனக்கும் அப்போது அவர்மேல் ஒரு மரியாதை வந்தது என்று சொல்ல வேண்டும். திரும்பி வரும்போதுதான் காரில் மிச்சத்தைச் சொன்னார். எலெக்ட்ரீஷியனிடம்தான் சொன்னார்.

“அந்த எடத்துல மேல நின்னு போட்டா ரெண்டாவது அலையத் தாண்டி விழும்வே. கீழ பீயில நிக்க வேணாம். பெல்ட்ட மடிச்சி ஒரு மேடை போட்டுட்டோம்னு வெச்சிக்க, சேர் போட்டு ஒக்காரலாம்.” கூட்டாளியோடு பேசும்போது அவருக்கும் ‘வே’ ஒட்டிக்கொள்ளும்.

“அடப்பாவி மனுசா. நான்கூட நீரு தர்மம் பண்ணப் போறீருன்னு பாத்தேன்.”

“ரெண்டும்தான். அவங்களுக்கு வீடு, நமக்கு மேடை.”

அடுத்த வார லீவில் வேலை நடந்தது. அவர் குவார்ட்டர்ஸ் பின்னால் கார் நிறுத்த விரித்திருந்த பெல்ட்டும், கடையில் வாங்கின இன்னும் இரண்டு சுருளும், ஒரு சின்ன சரக்கு வண்டியில் போயின. எங்கள் கூட்டத்தில் நாலு பேரைப் பிரியாணி ஆசை காட்டிக் கூட்டிப் போனார். குப்பத்து ஆட்களும் கை கொடுத்தார்கள். வெட்டுக்கு மேலே, அடுப்படிச் சுவரை ஒட்டியும், விளிம்பு உள்வாங்கியிருந்த பக்கத்தில் ரூம் சுவரை ஒட்டியும், சவுக்குக் கட்டைகளை ஆழமாக நட்டோம். பெல்ட்டின் மேல் ஓரத்தைக் கட்டைகளில் போல்ட் போட்டு முடுக்கினோம். மிச்சத்தை வெட்டின்மேல் திரைபோலத் தொங்கவிட்டு, அடியில் மணல் மூட்டை அடுக்கினோம். ரூம் சுவர்ப் பக்கமாக, கட்டைகளுக்கு முன்னால் விளிம்பில் பெல்ட்டை மடித்து மாமாவுக்கு மேடை.

அந்த அம்மா எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தது. அதன் புருசன் பெல்ட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார். “சும்மா கருங்கல்லாட்டம் இருக்குதுங்க. இன்னும் ரெண்டு கெடைச்சா பக்கத்து வூட்டுக்கும் கட்டிடலாம்” என்றார். மாமா பெல்ட் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். என்னையும் சேர்த்திருந்த அவர் பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் அன்று மாலையே வந்துவிட்டது. ஒரு மீனவக் குடும்பத்தின் வீட்டைக் காப்பாற்றிய நம் தோழர் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக.

கொஞ்ச வாரம் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. மாமா மேடையில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்து வீசினார். அந்த அம்மாவின் அடுப்படிப் புகை அவர் முகத்தில் அடித்தால், “அம்மா, கொஞ்ச நேரம் அணைச்சு வையேன்” என்பார். அது அணைத்தும் வைத்தது. வீட்டைக் காப்பாற்றியவர் சொல்கிறாரே.

பங்குனி கடைசியில் ஒரு நாள் காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் அலை பெரிதாக வந்தது. வெகுதூரத்தில் எங்கோ கிளம்பி வருகிற அலை என்று டிவியில் சொன்னார்கள். கரைக்குப் போகாதீர்கள் என்றார்கள். கரையிலேயே குடியிருக்கிறவர்கள் எங்கே போவது என்று சொல்லவில்லை. அந்த அம்மா மாமாவுக்கு போன் போட்டிருக்கிறது. அவர் ஷிப்டில் இருந்தார், எடுக்கவில்லை. அடுத்த லீவு நாளில் போனோம்.

அடுப்படி இல்லை.

நடந்ததை அந்த அம்மாவின் புருசன் சொன்னார். அலை பெல்ட்டை ஒன்றும் செய்யவில்லை. அதுதான் விஷயம். பெல்ட்டில் அடித்த தண்ணீர் அப்படியே இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு பின்னால் போயிருக்கிறது. பின்னால் இருந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிவழியாக உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. பெல்ட் முன்னால் அப்படியே அழகாகத் தொங்கியதால் பின்னால் குழி விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. மண் போனதும், தொங்கிய கனம் முழுக்கக் கட்டைகளில் வந்தது. கட்டைகள் சாய்ந்தன. அவற்றின் அடி நெம்பியதில் அடுப்படிச் சுவர் மொத்தமாகக் கடலுக்குள் விழுந்தது. பெல்ட் இல்லாவிட்டால் அந்த அலைக்கு ஒரு ஓரம் சரிந்திருக்கும், அவ்வளவுதான் என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அடுப்படிப் பக்கப் பெல்ட் கட்டைகளோடு விழுந்து மணலில் பாதி புதைந்து கிடந்தது. ரூம் பக்கத்து பெல்ட் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைகள் கடல் பக்கம் சாய்ந்து, அடிப்பகுதி ரூம் சுவரில் முட்ட நின்றன. ஒவ்வொரு அலை திரும்பும்போதும் பெல்ட்டைப் பிடித்து இழுத்தது. இழுக்கும்போதெல்லாம் கட்டை சுவரில் உரசும் சத்தம் கேட்டது. சுவரின் மூலையில் விரல் போகிற அளவு வெடிப்பு.

“இத்த எடுத்துடுங்க. போல்ட்டெல்லாம் வளைஞ்சி மாட்டிக்கிச்சி, கயட்ட வரல. அருவாளால வெட்டிப் பாத்தாரு, வழுக்குது. உங்களுக்குத்தான் தெரியும், வெட்டிடுங்க. இது இயுக்கற இயுப்புல ரூம்பும் போயிடும்” என்றது அந்த அம்மா.

“பாக்கலாம், பாக்கலாம்” என்றார் மாமா. அவர் கண் அங்கே இல்லை. கீழே, அடுப்படி இருந்த இடத்தில் கடல் ஒரு பெரிய குழி தோண்டியிருந்தது. சுற்றிலும் அலை வெள்ளையாக உடைய, அந்த இடம் மட்டும் கரும்பச்சையாக அமைதியாக இருந்தது. தூண்டில் போடுகிறவர்கள் அந்த மாதிரி குழிக்குத்தான் அலைவார்கள். மீன் வந்து ஒதுங்கும் இடம்.

“வே, அங்க பாரும்” என்றார்.

எலெக்ட்ரீஷியன் பார்த்தார். “வேண்டாம் அண்ணாச்சி. நல்லாயில்ல.”

“நான் என்ன, அவங்க வீட்டுக்குள்ளயா போடறேன்? கடல்ல போடறேன்.”

சாய்ந்த மேடையிலேயே ஏறி நின்று வீசினார். முதல் வீச்சிலேயே தடி வளைந்தது. நல்ல காலா மீன், முழங்கை நீளம். இரண்டாவது வீச்சில் இன்னொன்று. அந்த மனுசன் சிரித்த சிரிப்பை நான் சொல்ல மாட்டேன். அந்த அம்மா வாசலில் செங்கல் மூன்றை வைத்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. ஒரு மீனை அதன் பக்கம் தூக்கிப் போட்டார். “இந்தாம்மா, இன்னிக்குக் கெளுத்தி இல்ல, காலா” என்றார். ஏதோ பெரிய தானம் செய்கிற மாதிரி. அந்த அம்மா மீனை எடுக்கவில்லை. கோழி வந்து அதன் கண்ணைக் கொத்தியது.

மூன்றாவது வீச்சில் கொக்கி எதிலோ மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், பக்கவாட்டில் நடந்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை.

“என்னத்துல மாட்டுச்சு?” என்றார்.

“அம்மியா இருக்கும்” என்றது அந்த அம்மா, அடுப்பை ஊதிக்கொண்டே. “இல்லன்னா பாத்திரம் வெக்கிற சிமெண்ட் பலகை. ரெண்டும் அங்கதான் கெடக்குது.”

“ச்சே. இந்த ரிக், கொக்கி குண்டெல்லாம், நல்லா கட்டினது. மாப்ள, கொஞ்சம் எறங்கி எடுத்துவுடேன். ஏம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அந்தக் கல்லையெல்லாம் ஒரு ஓரமா இழுத்துப்போட்டா மாட்டாது. தண்ணி வத்துற நேரமா பாத்து.”

வலை பின்னிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் புருசன் தலையை நிமிர்த்திப் பார்த்தார். திரும்ப வலையில் குனிந்துகொண்டார்.

நான் காருக்குப் போனேன். என் வேலைப் பை டிக்கியில் இருந்தது. மறுநாள் காலை ஷிப்டுக்கு நேராக டவுன்ஷிப்பிலிருந்தே போகலாம் என்று கொண்டுவந்திருந்தேன். பெல்ட் வெட்டும் கத்தியையும் இழுக்கும் கொக்கியையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

“என்ன மாப்ள பண்ற?”

“பெல்ட்ட வெட்டப் போறேன்.”

“கிறுக்காடா உனக்கு? அத வெட்டுனா இந்த மேடையும் கீழ போயிடும். அந்தப் பெல்ட்டுதான் இப்ப செவுத்தப் புடிச்சிக்கிட்டிருக்கு.”

“புடிச்சிக்கிட்டு இல்ல மாமா, புடிச்சி இழுத்துக்கிட்டிருக்கு. எறங்குங்க.”

“நான் எறங்கலன்னா?”

“மேலயே நில்லுங்க. நீங்களும் சேந்து குழியில விழுந்து அம்மியப் பாத்துட்டு வாங்க.”

எலெக்ட்ரீஷியன் அவர் கையைப் பிடித்து இறக்கினார். இறங்கும்போது மாமா என்னைப் பார்த்து, “யார் கூட்டிக்கினு வந்து வேலை வாங்கிக் குடுத்தா உனக்குன்னு நெனப்பு இருக்கட்டும்” என்றார். அவ்வளவு நாள் டவுன்ஷிப் பேச்சு பேசிய வாயில் கோபம் வந்ததும் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

பெல்ட்டை வெட்டுவது அரிவாளால் ஆகாது. கத்தி போகிற கோட்டில் தண்ணீர் விட வேண்டும், வெட்டின வாயை ஒருவர் கொக்கி போட்டு இழுத்துத் திறந்து பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் கத்தியைக் கவ்விக்கொள்ளும். எங்கள் கூட்டத்தில் தினமும் செய்கிற வேலைதான். ஆனால் தரையில் விரித்த பெல்ட்டை வெட்டுவது வேறு, கடல் ஆட்டுகிற பெல்ட்டை வெட்டுவது வேறு. அந்த அம்மாவின் புருசன் கேட்காமலே வந்து கொக்கியை வாங்கிக்கொண்டார். அந்த அம்மா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. குடிக்க வைத்திருந்த தண்ணீர். கடல் தண்ணீர் போதும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கட்டைக்கு ஒரு சாண் கீழே ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டு போனேன். அலை வரும்போது நிறுத்துவது, போனதும் வெட்டுவது. ரூம் சுவர் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. கட்டை உரசும் இடத்தில் காரை உதிர்ந்து என் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது. கடைசி ஒரு முழம் இருக்கும்போதே பெல்ட் தானாகக் கிழிந்து, மேடையோடு சேர்ந்து கீழே போயிற்று. எனக்குத் தரை ஆடியது. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு ரூமையே பார்த்தது.

சுவர் நின்றது. வெடிப்பு அப்படியே இருந்தது. கட்டை உரசும் சத்தம் நின்றுவிட்டது.

“புள்ளைங்க துணியெல்லாம் வெளிய எடுத்து வெச்சிருந்தேன்” என்றது அந்த அம்மா. பிறகு ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோக ஆரம்பித்தது.

பெல்ட் கீழே அலையில் புரண்டது. மாமா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதை எப்படி மேலே ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதுதான் அவருடைய அடுத்த பேச்சு. நான் அவரோடு காரில் ஏறவில்லை. மெயின் ரோடு வரை நடந்து, பஸ் பிடித்துக் கடலூர் வந்து, பண்ருட்டி பஸ் ஏறினேன். என் உடம்பில் ரப்பர் நாற்றமும் உப்பும் குடல் நாற்றமும் சேர்ந்து அடித்தன. பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். அவர் செய்தது சரி.

அன்று மாலை பிளாக் குரூப்பில் மாமா இரண்டு காலா மீனோடு நின்றார். ஒன்றுக்கு ஒரு கண் இல்லை. கோழி கொத்தியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அதற்கும் கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. வீட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அக்கா போன் செய்தாள்.

“மீன் கொழம்பு வெச்சிருக்கேன், வந்து தின்னுட்டுப் போடா. உங்க மாமா ஒரே கத்து. என்னடா நடந்துச்சு?”

“நான் அந்த மீனத் திங்க மாட்டேன்க்கா.”

“மீன் உன்ன என்னடா பண்ணுச்சு?”

மீன் ஒன்றும் பண்ணவில்லைதான். சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். “அடுப்பு இருந்த எடத்துலயா புடிச்சாரு?” என்று மட்டும் அக்கா கேட்டாள். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டாள். குழம்பை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

சித்திரையில் ஒரு லீவு நாளில் நானாகப் போனேன். கடல் மணலைக் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருந்தது. குழி பாதி தூர்ந்திருந்தது. ரூம் நின்றுகொண்டிருந்தது. நான் வெட்டியதால் நின்றது என்று சொல்ல மாட்டேன். மணல் வந்ததால் நின்றது. மழைக்காலத்தில் மணல் போகும். வெடிப்பில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஒரே ரூமில் ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் பாய், நடுவில் வலைக்கயிறு. சுவரெல்லாம் அதற்குள் கறுத்துவிட்டது.

“கல்லு எப்ப வருதாம்?” என்று கேட்டேன்.

“ஐப்பசிக்கு முன்ன வரும்னு சொல்றாங்க.”

“வருமா?”

“யாருக்குத் தெரியும். வந்தா ரூம்பு. வரலன்னா எங்க அண்ணன் வூட்டுத் தாவாரம்.” அந்த அம்மா அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிவைத்தது. “உக்காரு தம்பி. தூண்டில் எடுத்தாரலயா?”

இல்லை என்றேன். புகையில் கண் எரிந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன்.